விளக்குமாறு இழுத்துவிட்ட வினை

மலச்சிக்கலில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கூச்சப்பட்டால் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

நாற்பத்து மூன்று வயதில் எனக்கு வயிறு ஒழுங்காகப் போவது நின்றது. நாலு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி தொப்புளைச் சுற்றி முறுக்கின பிறகு. அம்மா ராத்திரி கடுக்காய்ப் பொடி கொடுத்தார். மெடிக்கல்காரர் சிரப் கொடுத்தார். ஒரு டாக்டர் கேஸ் என்றார், இன்னொருவர் டென்ஷன் என்றார். எண்டோஸ்கோப்பி வரைக்கும் போய், ‘ஒன்றுமில்லை’ என்ற ரிப்போர்ட்டோடு வந்தேன். அப்புறம் பிரஷர் 150க்கு 100 என்று நின்றது. முழங்காலும் மணிக்கட்டும் வலித்தன. அலுவலகத்தில் கூட்டின கணக்கையே மூன்று முறை கூட்டினேன். நான் கணக்கர், அதுதான் என் பிழைப்பு. வீட்டில் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தால்கூடக் கத்தினேன். “உங்களுக்கு வயிறு சரியில்லையா, மனசு சரியில்லையாங்க?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள். அதற்கும் கத்தினேன்.

ஏழு வருடமாக நான் துப்பாக்கி சுடுகிறேன் என்பதை எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை. சீட்டு ஆடுகிறவன் அதை டாக்டரிடம் சொல்வானா? அந்த மாதிரித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் ரேஞ்ச், அதாவது சுட்டுப் பழகுகிற இடம், மதுரை நத்தம் ரோட்டுப் பக்கம், முன்பு நூல் குடோனாக இருந்த ஒரு கொட்டகை. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல், ஆறு லேன். பள்ளிப் பிள்ளைகள், காலேஜ் பிள்ளைகள், என்னைப் போல நடு வயதில் ஆசை வந்தவர்கள் சிலர். வாரம் ஒரு நாள் லைசென்ஸ் உள்ள நண்பர்களோடு வேறு இடத்தில் .22, அதாவது நிஜத் தோட்டா போடுகிற துப்பாக்கி, சுடப் போவோம். ரேஞ்சில் சம்பளத்துக்கு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெருக்குவது, குண்டு போய் விழுகிற டார்கெட் பெட்டியைக் காலி செய்வது எல்லாம் நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

ஏர் ரைஃபிளில் போடுகிற குண்டு, பெல்லட், ஒன்று அரை கிராம் சொச்சம். இடுப்பு ஒடுங்கி, பாவாடை கட்டின மாதிரி இருக்கும். ஏறக்குறைய முழுக்கக் காரீயம். ஒரு பையன் ஒரு நாளில் நூறு, நூற்றைம்பது சுடுவான். பத்துப் பிள்ளைகள் என்றால் வாரத்துக்குச் சில கிலோ ஈயம் டார்கெட் பெட்டியின் இரும்புத் தகட்டில் போய் மோதுகிறது. மோதினதும் நசுங்கி விழுந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பகுதி அப்படித்தான் விழும். மிச்சம் தூளாகப் பறக்கும். பெட்டியின் அடியில் விரலை வைத்து இழுத்தால் கண்ணுக்கிடும் மை மாதிரி, ஆனால் வெள்ளி மினுக்கோடு ஒட்டும். பென்சில் தூள் என்று நினைத்துக்கொண்டு கால்சட்டையில் துடைத்திருக்கிறேன். பென்சிலில் இருப்பதையும் நாம் காரீயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது கிராஃபைட், அதில் ஈயமே கிடையாது. இதுதான் அசல் சரக்கு.

ஞாயிறு காலை தென்னை விளக்குமாற்றை எடுத்து டார்கெட் பக்கத்தில் இருந்து வாசல் வரைக்கும் வறட்டு வறட்டென்று கூட்டுவேன். தகரக் கூரை ஓட்டை வழியாக விழுகிற வெயில் கம்பியில் தூசி சுழல்வது தெரியும். பார்க்க நன்றாகவே இருக்கும். நசுங்கின பெல்லட்டுகளைக் கையாலேயே அள்ளி ஒரு பழைய பெயின்ட் வாளியில் போடுவேன். முடிந்ததும் கையைத் தட்டிவிட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து டீக்கடையில் வாங்கின உளுந்த வடையைப் பிய்த்துத் தின்பேன்.

வாளி நிறைந்தால் சோழவந்தான் பக்கம் இருக்கும் என் மாமாவுக்கு. அவர் கண்மாயில் வீச்சுவலை போடுகிறவர். வலையின் ஓரத்தில் வரிசையாகக் கோக்கிற ஈயக்குண்டு கடையில் என்ன விலை! நான் சும்மா கொடுக்கிறேன் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. “மாப்ளே, கட்டியா உருக்கிக் குடுத்திரு, அள்ளிட்டுப் போக லேசா இருக்கும்” என்றார். வீட்டுக் கொல்லையில் மூன்று செங்கல், பழைய இரும்புச் சட்டி, விறகு. ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், விறகடுப்பு தாராளமாகப் போதும். மேலே மிதக்கிற கசடைக் கரண்டியால் கிளறி ஒதுக்குவேன். எனக்குத் துணையாக என் மகள் குத்துக்கல்லில் உட்கார்ந்து, வெள்ளியாக மினுங்குகிற குழம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. இதை எழுதுகிறபோதுகூடக் கை நடுங்குகிறது.

சரி, எப்படிப் பிடிபட்டது? ரத்தசோகை இருக்கிறது, ஹீமோகுளோபின் 11க்குச் சற்று மேல் என்று ஒரு ரிப்போர்ட். ஆம்பளைக்கு ஏன் குறைய வேண்டும் என்று யோசித்த ஓர் இளம் பெண் டாக்டர், ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். சிவப்பணுக்களில் நீல நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: “பேட்டரி கம்பெனியில வேலை பாக்குறீங்களா சார்?”

“இல்லம்மா, அக்கவுண்ட்ஸ்.”

“பெயின்ட் சுரண்டுற வேலை, சால்டரிங், நகைப் பட்டறை?”

“இல்ல.”

“நாட்டு மருந்து ஏதும்?”

“கடுக்காய் மட்டும்.”

“லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க?”

சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்ப்பது சாதாரண லேபில் நடக்காது. கையில் நரம்பில் இருந்து எடுத்து, அதற்கென்று உள்ள குழாயில் வெளியூருக்கு அனுப்பினார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கிற ஈயமே கணக்கைக் கெடுத்துவிடும், எங்களைப் போன்ற ஆட்களுக்கு அது சரிப்படாது என்றார் டாக்டர். ஐந்து நாள் கழித்து வந்தது: ஒரு டெசிலிட்டருக்கு 52 மைக்ரோகிராம். அதாவது நூறு மில்லி ரத்தத்தில் ஒரு கிராமில் பத்தொன்பதாயிரத்தில் ஒரு பங்கு. தூசி என்றுகூடச் சொல்ல முடியாத அளவு. உலக சுகாதார நிறுவனம் 5ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது. இதற்குக் கீழே பயமில்லை என்று ஒரு கோடு கிழிக்க இதுவரை யாராலும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ‘ரத்தத்தில் ஈயம்’ என்று சொன்னதும் அம்மா முதலில் செய்த காரியம், ஈயச் சொம்பைத் தூக்கிப் பரணில் போட்டது. ஐம்பது வருடமாக எங்கள் வீட்டு ரசம் அதில்தான் கொதிக்கிறது. தமிழில் இது ஒரு தொல்லை. ரசச் சொம்பு வெள்ளீயம், பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் அதுதான். துப்பாக்கிக் குண்டு காரீயம். இரண்டுக்கும் ஒரே பெயர். அம்மாவுக்குப் புரியவைக்க இரண்டு நாள் ஆயிற்று. அவர் பயந்ததும் முழுக்கத் தப்பில்லை. மலிவாக விற்கிற சொம்பில் காரீயத்தைக் கலந்துவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். விலை சந்தேகத்துக்குரிய அளவுக்குக் குறைவாக இருந்தால் ரசத்தை எவர்சில்வரிலேயே வைத்துவிடுங்கள். எங்கள் சொம்பு மட்டும் இன்னும் பரணில்தான் இருக்கிறது. ரசம் பழைய மாதிரி இல்லை.

டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “சுடுறதுனாலயா இவ்வளவு?” என்பதுதான். அவர் பதிலில் எனக்கு விளங்கினதைச் சொல்கிறேன். .22 தோட்டாவின் அடியில் ஊசி குத்துகிற இடத்தில் இருக்கிற வெடிமருந்தில் பெரும்பாலும் ஈய உப்பு உண்டு. அதோடு அந்தக் குண்டுக்கு மேலே செம்பு உறையும் பல தோட்டாக்களில் கிடையாது. வெடிக்கிறபோது வருகிற புகை முகத்துக்கு ஓர் அடி தூரத்தில். படுத்துச் சுட்டால் மூக்கு பாயிலேயே இருக்கும். ஏர் ரைஃபிளில் வெடிமருந்து இல்லை, காற்றுதான் தள்ளுகிறது. அதனால் சுடுகிற பிள்ளைக்கு ஆபத்து குறைவு. ஆனால் அந்தப் பெட்டியையும் தரையையும் யார் தொடுகிறார்களோ அவர்களுக்குக் குறைவு இல்லை. நான் சுட்டதில் வந்தது கொஞ்சம், கூட்டினதிலும் உருக்கினதிலும் வந்ததுதான் மிச்சமெல்லாம்.

ரேஞ்சுகளில் ஈயம் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2017இல் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. ரத்தம் பார்த்த 36 ஆய்வுகளில் 31இல் சிலருக்காவது 10ஐத் தாண்டியிருந்தது, 15இல் 40ஐத் தாண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் நான் ஒன்றும் அதிசயப் பிறவி இல்லை.

உடம்புக்குள் போன ஈயம் சுண்ணாம்புச் சத்து மாதிரி வேடம் போடும். ரத்தத்தில் சுற்றுவதில் பாதி ஒரு மாதத்தில் குறைந்துவிடும். ஆனால் எலும்புக்குள் போய் உட்கார்ந்தது பத்து இருபது வருடம் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பிரஷர், சிறுநீரகம், நரம்பு, ஞாபகம், ஆண்களுக்கு விந்தணு என்று அது கை வைக்காத இடம் இல்லை. கர்ப்பத்திலும் பால் கொடுக்கிற காலத்திலும் தாயின் எலும்பு கரைகிறபோது பழைய ஈயமும் சேர்ந்து வெளியே வந்து பிள்ளைக்குப் போகும். எங்கள் ரேஞ்சில் நன்றாகச் சுடுகிறவர்களில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். இதை எந்தக் கோச்சும் அவர்களிடம் சொன்னதில்லை, நானும்தான்.

“வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கா?” என்று டாக்டர் கேட்டபோதுதான் எனக்குக் கால் தளர்ந்தது.

மகளுக்கு 9. மனைவிக்கு 6. அமெரிக்காவில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் இருந்து பிள்ளைகளுக்கு 3.5ஐத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறது. பெரியவர்கள் விழுங்குகிற ஈயத்தில் பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேருமாம், பிள்ளைகளுக்குப் பாதி வரைக்கும் சேரும். வெறும் வயிற்றில் இன்னும் கூடுதல். நான் ரேஞ்சில் இருந்து வந்ததும் மகள் பைக் சத்தம் கேட்டு ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள். என் சுடுகிற ஜாக்கெட் படுக்கை அறைக் கதவில்தான் தொங்கும். அந்தச் சட்டைகளை எல்லாரின் துணியோடு சேர்த்து மனைவி அலசிப் போடுவாள். கொல்லையில் ஈயம் உருக்கின மண்ணில்தான் மகளுக்கு மண்சோறு சமைக்கிற விளையாட்டு. துப்பாக்கியை நான் அவளைத் தொடவே விட்டதில்லை. எவ்வளவு ஜாக்கிரதையான தகப்பன் பாருங்கள்.

மருந்து கொடுத்து ஈயத்தை இழுத்து வெளியேற்றுகிற வைத்தியம் உண்டு. எங்கள் அளவுக்கு அது வேண்டாம், வரும் வழியை அடைத்தால் தானாக இறங்கும் என்று முடிவு செய்தார்கள். அந்த வைத்தியத்தை நீங்களாகத் தேடிப் போகாதீர்கள். ‘நச்சு நீக்கம்’ என்று பாட்டிலில் விற்பதை வாங்கிக் குடிக்காதீர்கள். எனக்கு ஒரு சொந்தக்காரர் வாட்ஸ்ஆப்பில் மூன்று அனுப்பினார். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால், மகளுக்கு இரும்பு டானிக், பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை. அதோடு கொல்லை மண்ணை மேலாக வெட்டி எடுத்து மூட்டை கட்டி, புது மண் கொட்டி, மேலே சிமென்ட் போட்டோம். மாமாவுக்கு போன் போட்டு, இனிமேல் வாளி வராது, இருக்கிற குண்டை வலையில் கோக்கிறபோது பல்லால் கடித்து இறுக்காதீர்கள் என்று சொன்னேன். “எங்கப்பன் காலத்துல இருந்து கடிக்கிறோம்டா” என்றார். அவர் பல் விழுந்து நாலு வருடம் ஆகிறது என்பதால் நானும் ரொம்ப வாதாடவில்லை. பேரன் கடிக்கக் கூடாது என்றேன். அதை ஒத்துக்கொண்டார்.

ரேஞ்சில் சொன்னபோதுதான் சண்டை. “ஊரெல்லாம் சுடுறாங்க, உங்களுக்கு மட்டுமா?” என்றார் ஒருவர். பிள்ளைகளின் பெற்றோர் பயந்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர் எங்களோடு வருவார், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “துப்பாக்கிய மண்ணெண்ணெய்த் துணியில தொடைச்சுத் தொடைச்சு அதே கையோட பொட்டலச் சோத்தப் பிரிச்சுத் தின்னுருக்கோம் தம்பி. காது போகும்னு சொன்னாங்க, பஞ்சு வச்சோம். இத ஒருத்தரும் சொல்லலயே” என்றார். அவருக்குப் பிரஷரும் உண்டு, பெருவிரல் மூட்டு வீக்கமும் உண்டு. அது ஈயத்தாலா, வயசாலா, கறிக்குழம்பாலா என்று இப்போது யார் சொல்ல முடியும்? ஆனால் அன்றைக்கு அவர் பேசினதால்தான் மற்றவர்கள் கேட்டார்கள்.

முதலில் மின்விசிறி. அக்னி நட்சத்திரத்தில் அந்தக் கொட்டகைக்குள் நிற்க முடியாது என்று டார்கெட் சுவர் ஓரம் பெரிய ஃபேன் ஒன்றை வைத்து எங்கள் முகத்தைப் பார்த்துத் திருப்பியிருந்தோம். அதாவது தகட்டில் மோதிப் பறக்கிற தூளை வாரி வாரி எங்கள் மேலேயே வீசிக்கொண்டிருந்தோம். வாங்கி மாட்டினது நான்தான், எண்ணூறு ரூபாய் பேரம் பேசி. காற்று சுடுகிறவனின் முதுகுப் பக்கம் இருந்து டார்கெட் பக்கம் போய் வெளியேற வேண்டும். மூடின ரேஞ்சில் அது நிமிடத்துக்கு 75 அடி வேகத்தில், சுழலாமல், சீராக ஓட வேண்டும் என்பது கணக்கு. எங்களால் அந்த அளவுக்கு முடியவில்லை. டார்கெட் சுவரில் இரண்டு எக்ஸாஸ்ட் போட்டு, பின் பக்க ஜன்னலைத் திறந்தோம். ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தால் புகை இப்போது முன்னால் போகிறது.

விளக்குமாற்றை எரித்துவிட்டேன். எரித்திருக்கக் கூடாது, அதுவும் புகைதான், ஆத்திரத்தில் தோன்றவில்லை. இப்போது ஈரத்துணி, ஈர மாப் மட்டும். வறட்டுத் துடைப்பமும் வேண்டாம், வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம். சாதாரண வாக்குவம் பொடித் தூளைப் பின்னால் வெளியே ஊதிவிடும், அந்தப் பொடியையும் பிடித்து வைக்கிற ஹெப்பா ஃபில்டர் உள்ளதுதான் உதவும். பெட்டியைக் காலி செய்கிறவர் கையுறையும் நல்ல மாஸ்க்கும் போட வேண்டும், துணி மாஸ்க் கணக்கில் வராது. நசுங்கின பெல்லட் மூடி போட்ட டப்பாவில் சேருகிறது, முறையாக வாங்குகிற இடத்துக்குத்தான் போகும்.

வடை வெளியே போய்விட்டது. ரேஞ்சுக்குள் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது, நகம் கடிக்கக் கூடாது. சுட்டு முடித்ததும் குழாயடியில் சோப்புப் போட்டுக் கையும் முகமும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், ஈயத்தை அகற்றாது. கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகள் பாட்டிலைப் பிதுக்கித் தேய்த்துவிட்டு நேராக ஜிகர்தண்டா கடைக்குப் போனார்கள். அந்தப் பழக்கத்தை மாற்ற ஆறு மாதம் பிடித்தது. ரேஞ்சுக்கென்று தனிச் செருப்பு, தனிச் சட்டை. சட்டை கவரில் கட்டி வீட்டுக்கு வரும், தனியாகத்தான் துவைக்க வேண்டும். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் குளியலறை. மகளை அதன் பிறகுதான் தூக்குவேன். அவளும் பழகிவிட்டாள், வாசலில் நின்று “குளிச்சாச்சா?” என்று கேட்கிறாள்.

ஈயமில்லாத பெல்லட் உண்டு, வெள்ளீயத்தில் செய்தது. அம்மாவின் ரசச் சொம்பு மாதிரி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். போட்டி விதிகளும் அதைத் தடுப்பதில்லை. ஆனால் விலை கூடுதல், எடை குறைவு, எங்கள் துப்பாக்கிகளில் குறி சற்றுச் சிதறுகிறது. பத்துப் பிள்ளைகள் இருக்கிற ரேஞ்சுக்கு இப்போதைக்குக் கட்டாது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டுமாவது வாங்க வேண்டும் என்று நான் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: டாக்டரிடம் போனால் பொழுதுபோக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். வயிறு, மூட்டு, பிரஷர், எரிச்சல் என்று தனித்தனியாகக் கொண்டுபோனால் தனித்தனி மாத்திரைதான் கிடைக்கும். எனக்கு மூன்று வருடம் அப்படித்தான் கிடைத்தது. அடிக்கடி சுடுகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது ரத்தம் பார்த்துவிடுவது நல்லது. பெருக்குகிறவர்களும் உருக்குகிறவர்களும் அதற்கும் சீக்கிரம்.

என் அளவு இரண்டு மாதத்தில் 36, ஆறு மாதத்தில் 24. அப்புறம் ஆமை வேகம், ஒன்றரை வருடத்தில் 15. எலும்பில் இருந்து கசிகிறது. மகளுக்கு 9இல் இருந்து 4. வயிறு மூன்றாவது மாதமே சரியாகிவிட்டது. பிரஷர் மாத்திரை தொடர்கிறது. கூட்டல் இப்போது ஒரு தடவையில் வருகிறது, ஆனாலும் பழக்கத்தில் இரண்டாவது தடவையும் கூட்டுகிறேன்.

போன சித்திரைப் பொருட்காட்சிக்குக் குடும்பத்தோடு போனோம். பலூன் சுடுகிற கடை. பதினான்கு, பதினைந்து வயசுப் பையன் ஒருவன் துப்பாக்கியை மடக்கி மடக்கிக் குண்டு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் குண்டுகளைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தான், புளியங்கொட்டையை வைத்திருக்கிற மாதிரி. ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி எடுத்துப் போட்டான். நான் கிட்டே போய், “தம்பி, அத வாயில வைக்காதப்பா, விஷம்” என்றேன்.

அவன் எல்லாவற்றையும் உள்ளங்கையில் துப்பிப் பார்த்தான். ஏழெட்டு இருந்தன, எச்சிலில் பளபளத்தன. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு துப்பாக்கியை என் பக்கம் நீட்டினான்.

“அண்ணே, அம்பது ரூவாக்கு பத்து. பாப்பா சுடட்டுமா?”